ஐடியாவைச் சொல்லாமல் விலை கேட்கும் கிளையண்ட்டுகள்: வேலூர்ப் பக்க டிசைனர்கள் என்ன செய்கிறீர்கள்?

பாலாற்றுக்காரன் (திங்கள், காலை)

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் வெப்சைட் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பதில் போடுங்கள். இந்த வாரத்துக்குள் நான் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

நம்மிடம் வருகிற கிளையண்ட்டுகளில் ஒரு வகை உண்டு. "சார், ஒரு ஐடியா வச்சிருக்கேன். இதுவரைக்கும் யாரும் செய்யல. போன்ல சொல்ல முடியாது. எவ்ளோ ஆவும்னு மட்டும் சொல்லுங்க." என்ன கட்டப் போகிறோம் என்றே தெரியாமல் எதற்கு விலை சொல்வது? எத்தனை அறை, எத்தனை மாடி என்று சொல்லாமல் மேஸ்திரியிடம் வீட்டின் மொத்தச் செலவைக் கேட்கிற மாதிரி இருக்கிறது. உத்தேசமாக ஒரு தொகை சொல்லிவிட்டால் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்கிறார்கள். ஐடியா மட்டும் வாரத்துக்கு ஒரு துண்டாக வெளியே வரும். முதலில் நான்கு பக்கம் என்பார்கள். அப்புறம் ஓடிபி வேண்டும், டெலிவரி பையனுக்குத் தனி லாகின் வேண்டும், பெங்காலியிலும் ஒரு பதிப்பு வேண்டும்.

இப்போது வந்திருப்பவர் குடியாத்தம் பக்கத்துக்காரர். நல்ல மனிதர்தான், மரியாதையாகப் பேசுகிறார். ஆனால் முத்திரைத்தாளில் ஒரு ரகசிய ஒப்பந்தம் டைப் அடித்துக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கிறார். அதில் ஒரு வரி: "இத்திட்டத்தை ஒத்த எந்த இணையதளத்தையும் 3 ஆண்டுகளுக்கு வேறு எவருக்கும் செய்து தர மாட்டேன்." திட்டம் என்ன என்பது அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகுதான் சொல்வாராம். பணமாகவும் இப்போது தர மாட்டார், 10 சதவீதம் பங்கு தருவாராம்.

போடலாமா, வேண்டாமா? போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தோட்டப்பாளையம் (திங்கள், காலை)

போடாதீங்க அண்ணா. பங்கு வேண்டாம், அட்வான்ஸ் கொடுங்கன்னு சொல்லுங்க. அதுக்கு மேல அவர் பேசறாரான்னு பாருங்க.

காட்பாடி ஜங்ஷன் (திங்கள், மதியம்)

இந்த ரகசிய ஐடியா விஷயத்தில் எனக்கு நிறைய அனுபவம் உண்டு. கல்லூரிப் பிள்ளைகளும் வருவார்கள், வேலையை விட்டுத் தொழில் தொடங்குகிறவர்களும் வருவார்கள். ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். யார் கொண்டுவந்தார்கள் என்று சொல்லப் போவதில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்க்கிற எவருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான் இது.

மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ரயிலில் காட்பாடியில் இறங்கும்போதே மொழி தெரியாமல் திண்டாடுகிறார்கள். அவர்களுக்கு லாட்ஜ் ரூம், மொழிபெயர்க்க ஓர் ஆள், மீன் குழம்புச் சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே ஆப்பில் கொடுத்தால் என்ன? இதைப் பரம ரகசியமாக என்னிடம் சொன்னவர்கள் ஒருவர் இருவர் இல்லை. ஒவ்வொருவரும் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார்கள். ஒருவரிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பதால், "உங்களுக்கு முன்னாடியே வேற ஒருத்தர் இதோட வந்தார்" என்று அடுத்தவரிடம் சொல்லவும் எனக்கு வழி இல்லை. அந்தச் சங்கடம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் புரியும்.

காந்தி ரோட்டில் நடந்து பாருங்கள். மருந்துக்கடை போர்டும் ஓட்டல் போர்டும் பெங்காலியில் இருக்கின்றன. 1900இல் ஐடா ஸ்கட்டர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையைச் சுற்றி இந்த ஊரின் பாதி வியாபாரம் வளர்ந்திருக்கிறது. தேவை இருக்கிறது என்பது கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அந்த ஆப் ஏன் ஓடவில்லை?

வந்தவர்களில் ஒருவருக்கு நான் வேலையைத் தொடங்கினேன். லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கியபோதுதான் சிக்கல் எங்கே என்று தெரிந்தது. பல லாட்ஜில் எந்த ரூம் காலி என்பது நீள ரெஜிஸ்டர் நோட்டில் மட்டும் இருக்கிறது. நாளைக்கு எது காலியாகும் என்று மேனேஜருக்கே தெரியாது. ஏனென்றால், தங்கியிருப்பவரின் டெஸ்ட் ரிசல்ட் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. டாக்டர் "இன்னும் ஒரு ஸ்கேன்" என்றால் இரண்டு நாள் ரூம் ஐந்து நாளாகிவிடும். இதற்கு முன்பதிவு எப்படி வாங்குவது? கமிஷன் என்றதும் லாட்ஜ்காரர் கேட்டார்: "ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து ஆள் தானா வருது, உனக்கு எதுக்குப்பா காசு?" அந்தக் கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. இதற்கு நடுவில் ரத்தினகிரி பக்கம் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் வந்துவிட்டது. சில துறைகளுக்கு அங்கேதான் போக வேண்டும். எந்தத் துறை எங்கே என்று தெரியாமல் வேலூரில் ரூம் போட்டால் நோயாளி தினமும் பஸ் பிடிக்க வேண்டியதுதான்.

இந்த விவரங்களைச் சேகரித்து, ஒவ்வொரு லாட்ஜ் மேனேஜரையும் சம்மதிக்க வைத்து, ரெஜிஸ்டரை ஒருவர் தினமும் போனில் ஏற்றினால் அந்த ஆப்புக்கு உயிர் வரும். ரகசியம் என்று ஒன்று இருந்தால் அந்த உழைப்புதான். ஐடியாவைத் திருடிக்கொண்டு போகிறவனுக்கு அது கிடைக்காது. என்னிடம் வந்த எவரும் அந்த உழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கோர்ட் வாசல் (திங்கள், இரவு)

நான் டிசைனர் இல்லை. சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் வக்கீல் தொழில். தம்பி கேட்ட ஒப்பந்தத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று எழுதுகிறேன், இரண்டு தரப்புக்கும் உதவும்.

வெறும் யோசனைக்குக் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாது. 1978இல் உச்ச நீதிமன்றம் ஒரு நாடக ஆசிரியர் தொடுத்த வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கரு, யோசனை, கதைக்களம் எவருக்கும் சொந்தமில்லை, அதை எந்த வடிவத்தில் வெளிப்படுத்தினீர்கள் என்பதைத்தான் சட்டம் காக்கும். பேட்டன்ட் வாங்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 1970ஆம் ஆண்டு பேட்டன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு வியாபார முறைகளையும், கணினி நிரலை நிரல் என்ற அளவிலும் விலக்கிவைக்கிறது. லாட்ஜ் புக்கிங் ஆப், பிரியாணி டெலிவரி ஆப் போன்றவை அதில் அடிபட்டுப் போகும்.

அப்படியானால் ரகசிய ஒப்பந்தம் வீணா என்றால், இல்லை. "இன்னின்ன தகவலை வெளியே சொல்ல மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டால் அது செல்லும். ஆனால் எந்தத் தகவல் என்று தாளில் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஊரறிந்த விஷயமும், உங்களுக்கு முன்பே தெரிந்த விஷயமும் அதில் அடங்காது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். காட்பாடி நண்பரின் சங்கடத்துக்கும் அந்த வரிதான் மருந்து.

அந்த 3 ஆண்டு வரி வேறு விஷயம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவுப்படி, ஒருவர் முறையான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வேலை நடக்கும் காலத்துக்குக் கட்டுப்பாடு போடலாம். வேலை முடிந்த பிறகும் செய்யக் கூடாது என்பதை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. "செல்லாதுதானே" என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். செல்லாது என்று நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டும். அடித்துவிடச் சொல்லுங்கள்.

ரத்தினகிரி அடிவாரம் (செவ்வாய், காலை)

வக்கீல் சார், நன்றி. இதை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளப் போகிறேன்.

தம்பி, நான் ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் தோல் கம்பெனிகளுக்கும் சிப்காட் யூனிட்டுகளுக்கும் வேலை செய்கிறேன். ஐடியாவைச் சொல்ல மாட்டேன் என்பவரிடம் நான் ஐடியாவையே கேட்பதில்லை. இதில் யார் யாருக்குப் பணம் கொடுப்பார்கள் என்று கேட்பேன். தினமும் தகவலை யார் உட்கார்ந்து ஏற்றுவார்கள், அந்த ஆளுக்குச் சம்பளம் யார் தருவார்கள் என்று கேட்பேன். லாகின் செய்கிறவர்கள் எத்தனை வகை என்று கேட்பேன். இதற்குப் பதில் சொல்ல எந்த ரகசியத்தையும் உடைக்க வேண்டியதில்லை. எனக்கும் வேலையின் அளவு ஓரளவு பிடிபட்டுவிடும். இரண்டாவது கேள்வியில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். நிற்பது அவர்களுக்கு நல்லதுதான், கடன் வாங்கிப் போட்ட பணம் மிஞ்சும்.

பதில் சொல்கிறவர்களிடம் முதலில் திட்டம் எழுத மட்டும் ஒரு கட்டணம் வாங்குவேன். எந்தெந்தப் பக்கம், எந்தப் பக்கத்தில் என்ன பட்டன், அழுத்தினால் என்ன நடக்கும், அத்தனையும் தாளில். அது அவர்கள் சொத்து. பிடிக்கவில்லை என்றால் எடுத்துக்கொண்டு சென்னைக்காரரிடம் போகலாம். அந்தத் தாள் வந்த பிறகு புதிதாக ஒன்று கேட்டால் அதற்குத் தனிக் கொட்டேஷன். சண்டையே வராது. எழுதும்போது அவர்களே பாதியை வேண்டாம் என்று வெட்டிவிடுவார்கள்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே எழுதியாக வேண்டும். ரகசியத்தை விட என்னை அழவைப்பது மேட்டர்தான், அதாவது பக்கத்தில் போட வேண்டிய எழுத்தும் படமும். தமிழ் மேட்டர் கேட்டால் டிடிபி கடையில் வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த நோட்டீஸ் ஃபைல் வரும். பேஜ்மேக்கரிலிருந்து எடுத்து வெப்சைட்டுக்கு வேண்டிய யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி, வரிக்கு வரி உட்கார்ந்து திருத்த வேண்டும். போட்டோ கேட்டால் வாட்ஸ்அப்பில் ஐந்து பேர் கைமாறிச் சுருங்கிப்போன படம் வரும். லோகோ கேட்டால் ஃப்ளெக்ஸ் பேனரை மொபைலில் படம் பிடித்து அனுப்புவார்கள், ஓரத்தில் கயிறு கட்டின ஓட்டையோடு. நான் இப்போது சொல்லிவிடுகிறேன்: பேனர் அடித்த கடையில் போய் அதை வரைந்த மூல ஃபைலை, கோரல்டிரா ஃபைலைக் கேட்டு வாங்கி வாருங்கள். பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், சுருங்காது. இந்த இரண்டைச் சொல்லிக்கொடுத்ததிலேயே எனக்கு எத்தனையோ ராத்திரித் தூக்கம் மிச்சம்.

ஆம்பூர் ஷூ (செவ்வாய், மாலை)

நான் கிளையண்ட் பக்கம். எங்களுக்கு ஆம்பூரில் சின்ன ஷூ யூனிட் இருக்கிறது. எல்லோரும் எங்கள் ரகசியத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், கொஞ்சம் எங்கள் பக்கமும் கேளுங்கள்.

தோல் தொழிலில் ரகசியம் என்பது பழக்கம் இல்லை, பிழைப்பு. பையர் யார், எந்த ஆர்ட்டிக்கிள் என்ன விலைக்குப் போகிறது, அப்பருக்கு (ஷூவின் மேல்பகுதிக்கு) தோல் எங்கே வாங்குகிறோம், இந்த மூன்றும் வெளியே போனால் அடுத்த சீசன் ஆர்டர் பக்கத்து யூனிட்டுக்குப் போய்விடும். சாம்பிள் ரூமுக்குள் சொந்தக்காரரையே விட மாட்டோம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் டிசைனர் முன்னால் வந்து உட்கார்ந்ததும் வாயைத் திறந்துவிடுவார்களா?

"போட்டோ கொடுங்க, போட்டோ கொடுங்க" என்று டிசைனர் கோபப்படுகிறார். நாங்கள் செய்கிற ஷூ எல்லாம் வெளிநாட்டு பிராண்ட் பெயரில் போகிறது. அதை எங்கள் வெப்சைட்டில் போடக் கூடாது என்று அவர்களோடு எழுத்தில் ஒப்பந்தம். அதையும் வெளிப்படையாகச் சொல்ல முடியாமல் நாள் கடத்துகிறோம். டிசைனர் எங்களைச் சோம்பேறி என்று நினைத்துக்கொள்கிறார்.

நம்பிக்கை இல்லாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பு வெப்சைட் செய்து கொடுத்தவர் டொமைனை, அதாவது வெப்சைட் முகவரியை, தன் பெயரில், தன் மெயில் ஐடியில் வாங்கியிருக்கிறார். இப்போது போனை எடுப்பதில்லை. எங்கள் கம்பெனிப் பெயர் அவர் கையில். அடுத்த மாதம் ரினியூவல். ஜெர்மனி பையர் அந்த முகவரியில் இருக்கும் மெயிலுக்குத்தான் ஆர்டர் அனுப்புகிறார். நாங்கள் என்ன செய்வது?

ஆரணி தறி (செவ்வாய், இரவு)

ஆம்பூர்க்காரர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எங்களுக்குப் பட்டுச் சேலை. புது பார்டர் ஒன்றை வெப்சைட்டில் ஏற்றினால் அடுத்த முகூர்த்தத்துக்குள் வேறு தறியில் வந்துவிடுகிறது. அதனால்தான் "படத்தைப் போடாதே, ஆனா கஸ்டமர் வாங்கணும்" என்று எங்கள் அப்பா டிசைனரிடம் சொல்கிறார். அவர் பாவம், தலையில் கைவைத்துக்கொள்கிறார். இதற்கு வழி உண்டா சார்?

கோர்ட் வாசல் (செவ்வாய், இரவு)

ஆரணி நண்பருக்கு: உண்டு. யோசனைக்குத்தான் பாதுகாப்பு இல்லை, கண்ணுக்குத் தெரியும் வடிவத்துக்கு உண்டு. 2000ஆம் ஆண்டு டிசைன்ஸ் சட்டத்தில் புதிய பார்டர் டிசைனைப் பதிவு செய்யலாம். 10 ஆண்டு உரிமை, பிறகு 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே வெப்சைட்டிலோ இன்ஸ்டாகிராமிலோ போட்டுவிட்டால் அது புதிது இல்லை என்று நிராகரிக்கப்படும். விண்ணப்பம் முதலில், படம் பிறகு. இதில் உங்கள் அப்பாவின் பயம் நியாயமானது. டிசைனர்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, படம் ஏற்றுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஆம்பூர் நண்பர் சொன்ன பையர் பெயரும் விலையும்தான் ரகசிய ஒப்பந்தத்துக்கு ஏற்ற சரக்கு. பெயரிட்டு எழுத முடியும், கசிந்தால் நஷ்டத்தைக் காட்ட முடியும்.

இன்னொன்று, பலருக்கும் தெரிவதில்லை. காசு கொடுத்துவிட்டதாலேயே வெப்சைட் முழுக்க கிளையண்ட்டுக்குச் சொந்தமாகிவிடாது. உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் எழுதினால் உரிமை கம்பெனிக்கு. வெளி ஆள் செய்து கொடுத்தால், 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி நிரலுக்கு முதல் உரிமையாளர் அவர்தான், எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை. அப்படி எழுதும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏற்றுமதி செய்கிறவர்கள் இந்த இரண்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

டிசைனர்களுக்கு: உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) செய்து வைத்திருங்கள். சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டு சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி.

பாலாற்றுக்காரன் (புதன், மதியம்)

குடியாத்தத்துக்காரரைப் பார்த்துவிட்டு வந்தேன். ரத்தினகிரி அக்கா சொன்ன கேள்விகளைத்தான் கேட்டேன். தகவலை யார் ஏற்றுவார்கள் என்றதும் கொஞ்ச நேரம் யோசித்தவர், "என் தங்கச்சி பாத்துக்கும், கம்ப்யூட்டர் படிச்சிருக்கு" என்றார். அப்புறம் பேச்சு தானாக நீண்டது. ரகசியத்தில் முக்கால்வாசியை அவரே சொல்லிவிட்டார், நான் வெளியே சொல்லப் போவதில்லை. 3 ஆண்டு வரியைப் பேனாவால் அடித்து இருவரும் கையெழுத்துப் போட்டோம். எது ரகசியம் என்று நான்கு வரி எழுதிச் சேர்த்தோம். பங்கு வேண்டாம் என்றேன். திட்டம் எழுதும் கட்டணத்தைப் பாதி இப்போதே ஜி.பே. செய்துவிட்டார்.

தோட்டப்பாளையம் (புதன், மதியம்)

சூப்பர் அண்ணா. அக்கா, அந்தத் திட்டத் தாள் மாதிரி ஒன்று, பெயரை எடுத்துவிட்டு இங்கே போட முடியுமா?

ரத்தினகிரி அடிவாரம் (புதன், இரவு)

போடுகிறேன் தம்பி, கிளையண்ட்டிடம் கேட்டுவிட்டு.

ஆம்பூர் சார், உங்கள் டொமைன்தான் அவசரம். முதலில் ஹூஈஸ் என்ற டொமைன் விவரத் தேடலில் பாருங்கள். எந்த ரிஜிஸ்ட்ராரிடம் (டொமைன் பதிவு செய்து தரும் கம்பெனியிடம்) இருக்கிறது, என்றைக்கு முடிகிறது என்பது தெரியும். டாட் காம் முகவரி தேதி தாண்டிய உடனே போய்விடாது, ரிஜிஸ்ட்ரார் நீக்கிய பிறகும் மீட்பதற்கு 30 நாள் உண்டு. ஆனால் அப்போது கட்டணம் அதிகம், மெயிலும் அதற்கு முன்பே நின்றிருக்கும். அதுவரை காத்திருக்காதீர்கள். பணம் கொடுத்த ரசீது, ஜி.எஸ்.டி. சான்று, லெட்டர்பேட் எல்லாம் சேர்த்து ரிஜிஸ்ட்ராருக்கு எழுதுங்கள். பழைய டிசைனர் சம்மதித்தால் வேலை ரொம்பச் சுலபம். டொமைனில் போட்டிருக்கும் பூட்டைத் திறந்து ஒரு குறியீடு தருவார், அதை வைத்து உங்கள் கணக்குக்கு மாற்றிவிடலாம். அதனால் வேறு யாராவது மூலமாகவாவது அவரிடம் பேசுங்கள். கோபமாகப் பேச வேண்டாம். ஏன் எடுக்கவில்லை என்று கேளுங்கள்.

ஆம்பூர் ஷூ (வெள்ளி, மாலை)

பேசியாயிற்று. எங்கள் மேனேஜரின் சொந்தக்காரர் மூலமாகப் பிடித்தோம். நான்கு பக்கம் என்று கொட்டேஷன் கொடுத்தவரிடம் எங்கள் ஆபீஸில் போகப் போகப் பதினோரு பக்கம் வாங்கியிருக்கிறார்கள். கேட்லாக் பக்கங்களுக்கு அவர் அனுப்பிய பில்லை, "கொட்டேஷன்ல இல்லை" என்று அக்கவுண்ட்ஸில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கேட்லாக் போடப் போகிறோம் என்பதை முதலில் அவரிடம் சொல்லவே இல்லையாம். பையருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று எங்கள் பெரியவர்கள் மறைத்திருக்கிறார்கள்.

பாக்கியை இன்று பேங்க்கில் போட்டுவிட்டோம். மாலையே குறியீடு அனுப்பிவிட்டார். டொமைன் கம்பெனி மெயில் ஐடிக்கு மாறிக்கொண்டிருக்கிறது, ஐந்து நாள் ஆகலாம் என்று காட்டுகிறது. கேட்லாக்கை லாகினுக்குள் வைத்து, பையர் கேட்டால் மட்டும் திறக்கிற மாதிரி செய்ய முடியும் என்கிறார். புது வேலையையும் அவருக்கே கொடுக்கலாம் என்று இருக்கிறோம். அக்கா, திட்டத் தாள் எழுத நீங்கள் எவ்வளவு வாங்குவீர்கள் என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள், அதை மட்டும் உங்களிடம் எழுதி வாங்கிக்கொள்கிறோம்.